மேளத்துக்குப் படியளப்பது யார்?

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜா அவர்களின் சிம்பொனி அரங்கேறியது. மறுநாள் டி.வி. செய்தியில் அதைக் கொஞ்சம் காட்டினார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் பெட்டியின் முன்னால் கூடிவிட்டோம். கறுப்பு உடையில் வரிசை வரிசையாக வயலின், அதற்குப் பின்னால் குழல்கள், கடைசியில் பெரிய பெரிய முரசுகள். நடுவில் ஒருவர் குச்சியை அசைக்க, அத்தனை வில்லும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கியது.

என் மாமியாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். கண் நல்ல கூர்மை. "ஏம்மா, ஆர்கெஸ்ட்ராங்கிறாங்களே, கல்யாண ரிசப்ஷன்ல சினிமாப் பாட்டு பாடுவாங்களே, அதுவா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. இது வேற. ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரான்னு பேரு. பெரிய குழு."

அத்தை விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். ஒரு வரிசை எண்ணுவதற்குள் காட்சி மாறிவிட்டது. பெருமூச்சு விட்டார். "இத்தனை பேரா! இத்தனை பேருக்கும் யாரு படியளக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எங்கள் வீடு மேளக்காரர் வீடு. மாமனார் நாதஸ்வரம், என் வீட்டுக்காரர் தவில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டின் வரவு செலவு நோட்டை நான்தான் எழுதுகிறேன். அத்தை லண்டன்காரர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, நான் என் நோட்டைப் பார்த்து இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் சகோதரிகளுக்குக் காட்டுகிறேன். கல்யாணத்துக்கு ஒரு செட் மேளம் என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. முன்பெல்லாம் ஒத்து ஊத ஒருவர் தனியாக இருப்பார். மூச்சு விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. இப்போது அவருடைய இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. தாளம் போடும் பையனே அதையும் தூக்கி வருகிறான். ஆக ஒரு ஆளின் பிழைப்பு ஒரு பெட்டிக்குள் போய்விட்டது.

பேசிய தொகை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேன் வாடகை 3,500. ஏற்பாடு செய்து கொடுத்தவருக்குத் தரகு 1,500. முதல் நாயனக்காரருக்கு 6,000, இரண்டாவது நாயனத்துக்கு 4,000, வலது பக்கத் தவிலுக்கு 4,500, அடுத்த தவிலுக்கு 4,000, தாளத்துக்கு 1,500. கணக்கு சரியாகிவிட்டது. செட்டை நடத்துகிறவர் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

"இருபதாயிரத்துக்கு முடிச்சுக்குங்க" என்று பெண் வீட்டார் சொல்லும்போது வேன்காரர் குறைப்பதில்லை. தரகரும் குறைப்பதில்லை. குறைகிற 5,000 ரூபாயும் வாசிக்கிறவர்கள் மடியிலிருந்துதான் போகும். அதிலும் முதல் நாயனக்காரரிடம் யாரும் கை வைக்க முடியாது. பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிற பையனுக்குத்தான் 1,500 ஆயிரமாகும்.

ஒருமுறை கல்யாணம் பேச வந்த ஒரு பெரியவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "மொத்தமா ரெண்டு மணி நேரம் வாசிப்பீங்களா? அதுக்கு இவ்வளவா? எங்க ஆபீஸ்ல ஒரு மாசம் உழைக்கணுமே!" அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்கு அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு விரலில் கூடு மாட்டுகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்று வாயைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு எழுதுகிறேன்.

முதல் நாள் மத்தியானமே புறப்பட வேண்டும். சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு. ராத்திரி மண்டபத்தில் எங்காவது ஒரு மூலையில் படுக்கை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மங்கள இசை. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, வீடு வந்து சேர மறுநாள் சாயந்திரம். ஒரு கல்யாணம் என்றால் இரண்டு நாள். அதற்கும் முன்னால் தினமும் காலையில் சாதகம். அதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. நிறுத்தினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சரி, வருஷத்தில் எத்தனை நாள்? ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் கிடையாது. மார்கழியில் கிடையாது. மிச்ச மாதங்களிலும் பஞ்சாங்கம் கொடுக்கிற நாட்கள்தான். அந்த நாளில் ஊரில் உள்ள எல்லா மண்டபமும் ஒரே நேரத்தில் கூப்பிடும். மறுநாள் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். போன வருஷம் என் நோட்டில் 46 கல்யாணம், 19 கோயில் நாள். கல்யாணத்துக்கு 4,500, கோயிலுக்கு 1,500 என்று போட்டால் 2,35,500 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. அதிலிருந்துதான் தவிலுக்குத் தோல் மாற்ற வேண்டும், வார் இழுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விசேஷம் உண்டு. காவிரித் தண்ணீருக்கும் மேளத்துக்கும் நேரடிச் சம்பந்தம். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, குறுவையும் சம்பாவும் ஒழுங்காக விளைந்தால், தை பிறந்ததும் திண்ணையில் ஆள் வந்து உட்காருவார். தண்ணீர் வராத வருஷம், அல்லது அறுப்பு நேரத்தில் மழை கொட்டிய வருஷம், "கல்யாணத்தைச் சுருக்கமா வச்சுக்கிறோம்" என்பார்கள். சுருக்கும்போது முதலில் சுருங்குவது சாப்பாடு இல்லை, மேளம்தான்.

என் தம்பி ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறான். பொங்கலுக்கு வந்தவனிடம் அந்தத் திண்ணைப் பெரியவர் கதையைச் சொன்னேன். அவன் சொன்ன விஷயம் எனக்குப் பளிச்சென்று பட்டது.

அமெரிக்காவில் பாமல், போவன் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள். நாடகக் கொட்டகைகளும் பெரிய இசைக்குழுக்களும் ஏன் எப்போதும் பணமுடையிலேயே இருக்கின்றன என்று ஆராய்ந்து 1966-ல் ஒரு புத்தகம் எழுதினார்களாம். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கிற அரை மணி நேர உருப்படி ஒன்று இருக்கிறது. அதற்கு அன்றைக்கும் இரண்டரை மணி நேர ஆள் உழைப்பு, இன்றைக்கும் அதே இரண்டரை மணி நேரம். மூன்று பேரை வைத்து முடிக்க முடியாது. பத்து நிமிஷத்தில் ஓட்டிவிடவும் முடியாது. ஆனால் வெளியே மற்ற தொழில்களில் இயந்திரம் வந்து, ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்கிறான், கூலி ஏறுகிறது. வாசிக்கிறவனும் அதே கடையில்தானே அரிசி வாங்க வேண்டும்? அவன் கூலியும் ஏறித்தான் ஆக வேண்டும். வேலையில் மிச்சம் பிடிக்க வழியே இல்லாமல், செலவு மட்டும் வருஷா வருஷம் ஏறும்.

"அக்கா, நம்ம வயலைப் பாரேன்" என்றான். அம்மா காலத்தில் ஒரு ஏக்கர் அறுக்க ஒரு கூட்டமே இறங்கும். அறுத்து, கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்றி, பொழுது சாயும். இன்றைக்கு அறுவடை இயந்திரம் ஒரு மணி, ஒன்றரை மணியில் ஒரு ஏக்கரை முடித்து நெல்லைத் தனியாகக் கொட்டிவிட்டுப் போகிறது. கெட்டி மேளத்துக்கு அப்படி ஒரு இயந்திரம் உண்டா? என் தாத்தா கல்யாணத்தில் தாலி ஏறும்போது எத்தனை பேர் வாசித்தார்களோ, அத்தனை பேர்தான் இன்றைக்கும் வேண்டும்.

"மேளம் ரேட்டு ஏறிக்கிட்டே போகுதே, முன்னைவிட அதிகமாவா வாசிக்கிறாங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதிகமாக வாசிக்கவில்லை. குறைக்க முடியாததால்தான் ஏறுகிறது.

அப்படியானால் அத்தை கேட்ட கேள்விக்கு வருவோம். அந்தப் பெரிய ஊர்களில் யார் படியளக்கிறார்கள்? தம்பி சொன்னதையும், என் பெண் படித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சீட்டு விற்ற பணம் மட்டும் எங்கேயும் போதுவதில்லை. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களுக்கு வருகிற சீட்டுப் பணம் செலவில் பாதிக்குக்கூடக் காணாது. மிச்சத்தைப் பணக்காரர்களின் நன்கொடையும், முன்னோர் எழுதி வைத்துவிட்டுப் போன மூலதனத்தின் வட்டியும் ஈடு செய்கின்றன. ஜெர்மனியில் நூற்றுக்கு மேற்பட்ட குழுக்களுக்கு மாநில அரசும் நகராட்சியும் பணம் தருகின்றன. லண்டனில் வேறு கதை. அங்குள்ள பெரிய குழுக்கள் பலவற்றில் மாதச் சம்பளமே கிடையாது. வாசித்த நாளுக்குத்தான் பணம். அந்த ராயல் ஃபில்ஹார்மோனிக் குடும்பமும் அப்படித்தான். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "அப்ப அவங்களும் நம்மள மாதிரி முகூர்த்த ஆளுங்கதானா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஈடு செய்கிற கை தளர்ந்தால் எவ்வளவு பெரிய குழுவும் ஆடிப்போகிறது. உலகப் புகழ் பெற்ற ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா 2011-ல் திவால் மனு கொடுத்தது. மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் சம்பளக் குறைப்பு விஷயத்தில் தகராறு வந்து, 2012 அக்டோபரில் நிர்வாகம் கதவை அடைத்தது. 2014 தொடக்கத்தில்தான் திறந்தது. அந்த ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த வீட்டுப் பெண்கள் எப்படி அடுப்பு மூட்டினார்களோ என்றுதான் என் மனசு போயிற்று.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் தஞ்சாவூரிலேயே இந்தக் கணக்கைப் போட்டு, கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய கோயிலுக்குப் போகிறோம், நந்தியைப் பார்க்கிறோம், விமானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். சுவரில் உள்ள எழுத்தைப் பார்ப்பதில்லை. ராஜராஜ சோழன் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஆடல் மகளிர் 400 பேரை அழைத்து வந்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்து, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்தான். ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருமானம், வருஷத்துக்கு 100 கலம் நெல். ஒரு வேலி என்பது 20 மா, இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். நட்டுவம் செய்பவர்களுக்கு இரண்டு பங்கு. பாடுகிறவர், கொட்டுகிறவர், சங்கு ஊதுகிறவர் என்று பட்டியல் நீள்கிறது. தையல்காரருக்குக்கூட அதில் இடம் உண்டு.

இன்னொரு கல்வெட்டில், தேவாரம் பாட 48 பேர், கூட உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கால் கலம் வீதம் 365 நாளைக்குப் பெருக்கிப் பார்த்தேன். 91 கலத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. வாசித்த நாளுக்கு இத்தனை என்று அதில் இல்லை. எல்லா நாளுக்கும் உண்டு. ஆடிக்கும் உண்டு, மார்கழிக்கும் உண்டு.

அந்த 400 பேர் கல்வெட்டில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்துபோனால், அல்லது ஊரை விட்டுப் போனால், அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லாவிட்டால், தகுதி உள்ள வேறொருவரை அமர்த்திவிட்டுப் பங்கைப் பெறலாம். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! ஒரு ஆள் போனால் இசை நின்றுவிடக் கூடாது என்று அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறார்கள்.

எங்கள் மாமனாரின் தாத்தா காலம் வரை எங்கள் ஊர்க் கோயிலில் மேளத்துக்கு மணியம் நிலம் இருந்ததாம். நித்தியப்படிக்குக் கோயில் சோறு வீட்டுக்கு வரும். பிறகு நிலம் கை மாறியது, குத்தகை நெல் வருவது நின்றது, சோறும் நின்றது. மேளம் மட்டும் நிற்கவில்லை. அந்த இடைவெளியை யார் நிரப்பினார்கள்?

இதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதிவிடுகிறேன். நாங்கள்தான் நிரப்பினோம். என் மாமியார் இரண்டு பசுமாடு வைத்துப் பால் ஊற்றினார். நான் வந்த பிறகு தையல் மெஷின் போட்டேன். ஆடி மாதம் முழுக்க ரவிக்கை தைத்து அரிசி வாங்கியிருக்கிறேன். என் ரெட்டை வடச் சங்கிலி புரட்டாசியில் அடகுக்குப் போகும், தையில் திரும்பி வரும். ஒரு வருஷம் தண்ணீர் வரவில்லை, சங்கிலியும் திரும்பி வரவில்லை. ராஜராஜன் நிலம் கொடுத்தான். அமெரிக்காவில் கோடீசுவரர் நன்கொடை கொடுக்கிறார். எங்கள் மேளத்துக்கு என் கழுத்தில் இருந்தது போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் குடிக்கு ஒரு ரூபாய் செலவழித்தவர் இல்லை. அவர் பூவரசங்கழியைக் கையில் எடுத்து வலந்தலையில் விரலை வைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும். கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அதைச் சேர்க்கிறேன், அவ்வளவுதான்.

சேர்க்க வேண்டிய அவசியம் இப்போது வந்துவிட்டது. காரணம் என் பெண்.

அவளுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ நல்ல மார்க். சின்னக் குழந்தையிலிருந்து தாத்தா மடியில் உட்கார்ந்து சீவாளியை வாயில் வைத்து ஊதிப் பழகியவள். மாமனார் கண் மூடும் வரை பேத்திக்குப் பாடம் சொன்னார். காவிரிக் கரையில் விளைகிற கொறுக்கைத் தட்டையைப் பக்குவம் பண்ணிச் சீவாளி கட்டுவது வரை கற்றுக் கொடுத்தார். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த அவருடைய நாயனம் அவளிடம்தான் இருக்கிறது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தனக்கே பட்டம் கிடைத்த மாதிரி குதித்தாள்.

ரிசல்ட் வந்த அன்றைக்குச் சொன்னாள்: "அம்மா, நான் திருவையாறு இசைக் கல்லூரியில் நாதஸ்வரம் படிக்கப் போறேன். அதுதான் என் தொழில்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ராத்திரிப் பயணம், மண்டபத்து மூலையில் படுக்கை, குடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்கள், இதெல்லாம் ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

"ஏம்மா, உங்க அப்பா வாசிக்கிறார்னா, ஆடி மாசத்துக்கு நான் இருக்கேன். நீ வாசிச்சா, உன் ஆடி மாசத்துக்கு யாரு இருப்பா? எந்த மாப்பிள்ளை தையல் மெஷின் மிதிச்சு உன்னை வாசிக்க விடுவான்?"

அவள் கோபப்படவில்லை. யோசித்தாள். பிறகு அவளும் ஒரு கணக்கு சொன்னாள்.

பெர்லின் ஃபில்ஹார்மோனிக் பிறந்த கதை தெரியுமா அம்மா, என்றாள். பில்சே என்பவர் நடத்திய குழுவில் இருந்தவர்களை வார்சாவுக்கு ரயிலில் நாலாம் வகுப்புப் பெட்டியில் அழைத்துப் போகப் பார்த்தாராம். ஏற்கனவே இருந்த மனக்கசப்போடு இதுவும் சேர, 54 பேர் பிரிந்து வந்து 1882-ல் தாங்களே ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைக்கு உலகத்தின் தலைசிறந்த குழுக்களில் ஒன்று. பஸ்ஸின் கடைசி சீட்டில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு வருகிற என் வீட்டுக்காரர் இதை ரொம்ப ரசித்துக் கேட்டார். ஆனால் அப்படிப் பட்ட குழுவே முதல் பெண்ணை, மேட்லீன் கருட்ஸோ என்ற வயலின் கலைஞரை, 1982-ல்தான் சேர்த்துக்கொண்டது. சரியாக நூறு வருஷம். வியன்னாவில் 1997 வரை ஆயிற்று.

அமெரிக்காவில் ஆள் எடுக்கும்போது நடுவே திரை கட்டிவிடுவார்களாம். வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியக் கூடாது. செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று கம்பளம் விரிப்பார்களாம். காதால் மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுத்தால் பெண்கள் உள்ளே வருகிறார்கள். "திரை கட்டிக் கேளுங்கம்மா. அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

"நம்ம பக்கத்துல முடியாதுன்னும் சொல்லாதீங்க. மதுரை பொன்னுத்தாய் அம்மா வாசிக்கலையா?" என்று மேலே போனாள். உண்மைதான். பெண் நாயனம் பிடிப்பதே அதிசயம் என்றிருந்த காலத்தில் வாசித்துப் பேர் வாங்கியவர் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய். 2012-ல் காலமானார். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் பாடம் கேட்ட ஷேக் மெஹபூப் சுபானி, காலிஷாபி மெஹபூப் தம்பதி இருவருக்கும் சேர்த்து 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கணவனும் மனைவியும் ஜோடியாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். காது டாக்டர் எழுதிய சீட்டு. ஒரு வருஷமாகக் காதில் ரீங்காரம் என்று எனக்குத் தெரியாமல் போய்க் காட்டியிருக்கிறார். "வாசிக்க விடுறதுன்னா இதையும் கணக்குல சேத்துக்க" என்றார்.

எனக்குத் திக்கென்றது. பக்கத்திலேயே நாலு ஆள் முழு மூச்சாக வாசிக்கிற இடத்தில் இருபத்தைந்து வருஷம். லண்டனில் ஒரு ஆபரா அரங்கில் வயோலா வாசித்த ஒருவர், பின்னால் இருந்த பித்தளைக் குழல்களின் ஒத்திகைச் சத்தத்தால் தன் காது கெட்டுப்போனதென்று வழக்குப் போட்டு 2018-ல் ஜெயித்திருக்கிறார். அங்கே இசைக்குழுக்களில் காதடைப்பான் கொடுக்கிறார்கள், சத்தமுள்ள வாத்தியத்துக்கு முன் தடுப்பு வைக்கிறார்கள். நம் மேளக்காரர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. நாயனக்காரருக்கு முன்பல் ஒன்று ஆடினாலே தொழில் ஆடிவிடும். தவில்காரருக்குத் தோள்பட்டையும் காதும். மேளக்காரர் வீட்டுச் சகோதரிகளே, வருஷத்துக்கு ஒருமுறை பல்லையும் காதையும் காட்டிவிடுங்கள். சாதகம் செய்யும்போது காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் டாக்டர் சொன்னார். முதலில் முகம் சுளித்தவர், இப்போது வைத்துக்கொள்கிறார். காதில் ரீங்காரம் வந்தால் மறைக்காதீர்கள். ஒருமுறை போன காது திரும்பி வராது.

கடைசியில் நான் சம்மதித்தேன். நிபந்தனையோடுதான். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன்.

ஒன்று, கல்லூரிப் பட்டம் முழுதாக முடிக்க வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம் ஒரு பாடம். கோயில்களில் மேளத்துக்குச் சம்பள வேலை உண்டு. எங்காவது ஒரு இடத்தில் மாதச் சம்பளம் என்று வந்தால், அதுதான் அவளுடைய ஒரு வேலி நிலம். கச்சேரி அதற்கு மேல்.

இரண்டு, வாசித்து வருகிற ஒவ்வொரு தொகையிலும் ஆடிக்கு ஒரு பங்கு, புரட்டாசிக்கு ஒரு பங்கு, மார்கழிக்கு ஒரு பங்கு என்று முதலிலேயே பாங்கில் போட வேண்டும். சங்கிலி என்பது போட்டுக்கொள்ள, அடகு வைக்க அல்ல.

மூன்று, தன் கணக்கைத் தானே எழுத வேண்டும். இன்னொரு பெண் எழுதுவாள் என்று விடக் கூடாது.

நாலு, வேன், படுக்க இடம், திரும்பி வருகிற நேரம் மூன்றையும் பேசிய பிறகுதான் முன்பணம் வாங்க வேண்டும்.

அவள் ஐந்தாவதாக ஒன்றைத் தானே சேர்த்தாள். "தாளம் போடுற தம்பிக்குப் பேசின காசைக் குறைக்க மாட்டேன்."

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் நாளைக்குக் கல்யாணம் வரும். செண்டை மேளம் வையுங்கள், டி.ஜே. வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேளத்துக்குப் பேசும்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள். தொகையைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் பூ அலங்காரத்தில் குறையுங்கள், அது மறுநாள் குப்பைக்குப் போவது. ராத்திரி அவர்கள் படுக்க ஒரு அறையைத் திறந்து விடுங்கள். காலையில் நாலு மணிக்கு எழுந்து வாசிக்கிறவர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போடச் சொல்லுங்கள். கொடுக்கிற பணம் இரண்டு மணி நேரத்துக்கு என்று நினைத்தால் அதிகமாகத்தான் தெரியும். ஒரு வீட்டின் ஆடி மாதத்துக்கும் சேர்த்து என்று நினைத்துப் பாருங்கள், மனசு ஒப்பும்.

இதை எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அந்த லண்டன்காரங்களுக்கு யாரு படியளக்கிறான்னு சொல்லவே இல்லையே?" என்றார்.

"சொன்னேனே அத்தை, வாசிச்ச நாளைக்குக் காசு, மிச்ச நாளைக்கு அவங்கவங்க பாடு."

"அப்ப அங்கயும் வீட்டுல யாரோ மாடு கறக்கிறாங்கன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து கொட்டிலுக்குப் போனார். கொல்லைப் பக்கம் என் பெண் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தாள்.